முதலாண்டிலேயே முடிக்க வேண்டிய பதிவுகள்: கல்லூரி, ஐடிஐ மாணவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்த ஆண்டு கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு வேலை என்பது இன்னும் தொலைவில் உள்ள ஒன்றாகவே தோன்றும். ஆனால், வேலைக்கு உதவும் அரசுத் திட்டங்களில் பலவும் முதலாண்டு முதலே கணக்கில் வருபவை. கடைசி ஆண்டில் ஓடத் தொடங்குபவர்கள், உரிமை இருந்தும் அதைப் பெற முடியாமல் போவதே மிகுதி.

முதலில் மாத உதவித்தொகை. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காகக் கொண்டுவரப்பட்டவை. முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பட்டப்படிப்பு மட்டுமல்லாமல் பட்டயப் படிப்பும் ஐடிஐயும் இவற்றில் அடங்கும். வேறு கல்வி உதவித்தொகை பெறுபவர்களுக்கும் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்கிறது. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதார் இணைப்பு இல்லாத கணக்குதான் பலருக்கும் தடையாகிறது. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்கு முன்னும் மதிப்பெண் சான்றிதழில் பின்னும் இருப்பது, தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் விடுபட்டிருப்பது போன்ற சிறு வேறுபாடுகளை இப்போதே சரிசெய்துவிட வேண்டும். இதே வேறுபாடு பிறகு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பிலும் வந்து நிற்கும்.

ஐடிஐ மாணவர்கள், ஒரு நிறுவனத்தில் வேலை செய்தபடியே தொழில் கற்கும் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதைக் குறைந்த சம்பளத்துக்கு ஓராண்டு உழைப்பது என்று நினைத்து ஒதுக்கும் பெற்றோர் இங்கே நிறைய இருக்கிறார்கள். அந்த எண்ணம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இழப்பைத் தருகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சிக்காலம் முழுவதும் உதவித்தொகை உண்டு. பயிற்சிக்குப்பின் தேர்வில் தேறினால் தேசிய தொழில் பழகுநர் சான்றிதழும் கிடைக்கும். ரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சியை முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் 'லெவல் 1' எனப்படும் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. டெல்டாவிலிருந்து எளிதில் சென்று சேரக்கூடிய திருச்சி பொன்மலைப் பணிமனையும் பழகுநர்களை எடுக்கிறது. அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் கொண்டே தரவரிசை அமைகிறது. ஆகவே ஐடிஐயின் முதலாண்டில், ஃபிட்டர் பிரிவிலோ எலக்ட்ரீஷியன் பிரிவிலோ வாங்கும் மதிப்பெண்ணும் அந்த வரிசையில் ஒருவருடைய இடத்தை முடிவு செய்கிறது. பட்டயமும் பட்டமும் முடித்தவர்களுக்கு இதைப் போன்றே தனிப் பழகுநர் திட்டம் உள்ளது. அதில் குறைந்தபட்ச உதவித்தொகையின் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

கலை, அறிவியல் கல்லூரிகளில் படிப்போருக்கு, 2022 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் பாடத்திட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. வருகைப் பதிவுக்காக உட்கார்ந்து எழுந்து வராமல், அவற்றின் செய்முறைகளை முழுமையாகச் செய்து முடிப்பதே பயன் தரும்.

தமிழ்நாடு அரசு வேலையை நோக்கிச் செல்பவர்கள் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமையை அறிந்திருக்க வேண்டும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரையிலான படிப்பு முழுவதும், முதல் வகுப்பிலிருந்தே, தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரையும், பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரையும், மன்னார்குடியில் மேல்நிலைக் கல்வியும் படித்த மாணவி மூன்று பள்ளிகளிலும் தமிழ் வழியில் படித்ததற்கான சான்று பெற வேண்டியிருக்கும். பள்ளிப் பதிவேடுகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே, விடுமுறை நாட்களுக்கு முன்பாக, அவற்றை வாங்கி வைப்பது நல்லது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் தள்ளிப்போட வேண்டாம். பதிவு மூப்பு பதிந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது; மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் அது போய்விடும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் இப்போதே இணையத்தில் பதிந்துவிட்டு, பட்டம் கிடைத்ததும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் கடந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு வழங்கப்படும் உதவித்தொகைக்கும் இந்தப் பதிவே அடிப்படை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றி வகுப்பு நடத்துகின்றன. வகுப்பு நேரத்தை அங்கு நேரில் சென்று கேட்டு வரலாம்.