கொள்ளுப்பாட்டியின் டைரிக்கு டேப் ஒட்டாதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 1847-இல் அந்த நாளில்தான் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் தலைவர் பிரிகாம் யங் இங்குள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார். ஆண்டுதோறும் அன்றைக்கு மோர்மன் குடும்பங்கள் சித்தப்பா, அத்தை, பேரன், பேத்தி என்று மொத்தமாகக் கூடுவார்கள். யாராவது ஒருவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி எல்லோருக்கும் காட்டுவார். அடுத்த வாரம் அந்தப் பெட்டிகளில் சில என் மேஜைக்கு வரும். பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில்.

போன கோடையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பழைய பூட்ஸ் பெட்டி ஒன்றை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய கொள்ளுப்பாட்டி 1850-களில் எழுதிய கையகல டைரி, நாடாவால் கட்டிய கடிதக் கட்டு, சில செய்தித்தாள் துணுக்குகள். டைரியின் பதினோரு பக்கங்களில் செல்லோ டேப். கிழிசலைப் பார்க்கப் பொறுக்காமல் இளவயதில் அவரே ஒட்டியது. இப்போது டேப் இருந்த இடமெல்லாம் தேன் சிந்தியது போல மஞ்சளாக இருந்தது. "நான்தான் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை என்று சொல்லலாம்.

அந்த டைரி வந்த வழியை நினைத்துப் பாருங்கள். ரயில் வருவதற்கு முன், 1847-க்கும் 1869-க்கும் இடையில், சுமார் 70,000 பேர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் யூட்டாவுக்கு வந்தார்கள். வண்டி வாங்கக் காசில்லாதவர்கள் 1856 முதல் 1860 வரை கைவண்டியை இழுத்துக்கொண்டு, பெரும்பாலும் அயோவாவிலிருந்து, சுமார் 2,000 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களுக்கு அனுமதித்த சுமை ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கும் குறைவு. போர்வை, பாத்திரம், மாற்றுத்துணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 1856-இல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட பயணங்களிலும் சிலர் டைரியை விட்டுவிடவில்லை. 1830-இல் மோர்மன் சபை தொடங்கிய நாளிலேயே, நடப்பவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளையானது. 1846 பிப்ரவரியில் சபையினர் அதுவரை வாழ்ந்த இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரை விட்டுக் கிளம்பும்போது பேட்டி செஷன்ஸ் என்ற மருத்துவச்சி தொடங்கிய டைரியை இன்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். பிறந்த குழந்தைகள், பெய்த மழை, செய்த வேலை என்று எல்லாம் அதில் இருக்கிறது.

பாலைவனத்தையும் பனியையும் தாண்டி வந்த காகிதம் நம் வீட்டு ஹாலில் கெட்டுப்போகிறது. கெடுப்பது பெரும்பாலும் கரையானோ வெள்ளமோ அல்ல, அதன் மேல் பாசம் வைத்தவர்கள் செய்யும் ரிப்பேர்தான்.

செல்லோ டேப் 1930-இல் சந்தைக்கு வந்தது. ஒட்டிய சில ஆண்டுகளில் அதன் பசை இளகி, காகித இழைகளுக்குள் எண்ணெய் போல இறங்கும். பிறகு காற்றுபட்டு மஞ்சளாகி இறுகும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும், கறை மட்டும் நிற்கும். அதை எடுக்க ரசாயனக் கரைப்பான் வேண்டும். ஆனால் அது மையையும் கலைத்துவிடக்கூடும் என்பதால், ஒரு பக்கத்துக்கு அரை நாள் கூட ஆகும். கிழிசலை ஒட்ட நாங்கள் பயன்படுத்துவது ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும். என்றைக்காவது எடுக்க வேண்டியிருந்தால் ஈரம் காட்டினால் போதும், வந்துவிடும். லேமினேஷன் டேப்பை விட மோசம், பெரும்பாலும் திரும்ப வரவே வழியில்லை. இங்கே பல வீடுகளில் 'நினைவுப் புத்தகம்' என்று நீளமான பைண்டர் ஒன்று இருக்கும். அதில் மூலக் கடிதங்களை பிளாஸ்டிக் உறைகளில் செருகி வைத்திருப்பார்கள். உறையைத் திறந்ததும் புது ஷவர் திரை போல வாடை அடித்தால் அது காகிதத்தைக் கெடுக்கும் பிவிசி பிளாஸ்டிக். காகிதத்தை உடனே வெளியே எடுங்கள்.

அந்தக் காலத்து மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின், தண்ணீர், அவ்வளவுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குதான். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுபட்டதும் கருக்கும். ஆனால் அதில் அமிலமும் இரும்பும் இருக்கின்றன. நாளாக ஆக எழுத்தே காகிதத்தை அரித்துத் துளையாக்கும். அந்த அரிப்பை முடுக்கிவிடுவது ஈரம். "கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், அழுக்குதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வயது கூடிய காகிதம்தான் நலிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாவின் பெட்டியில் 1850-களின் தாள் துணி போல மடங்கியது. 1910-இன் செய்தித்தாள் துணுக்கு கை பட்டதும் உதிர்ந்தது. முன்னது கந்தல் துணியில் செய்தது, பின்னது மரக்கூழ். யூட்டாவில் காகிதத்துக்கு எவ்வளவு பஞ்சம் என்றால், 1861-இல் பிரிகாம் யங், ஜார்ஜ் கோடார்ட் என்பவரை வீடு வீடாகப் போய்க் கந்தல் சேகரிக்க அனுப்பினார். மூன்று ஆண்டு அவர் அந்த வேலையைச் செய்தார். யாரோ ஒருவரின் கிழிந்த சட்டைதான் இன்னொருவர் படித்த செய்தித்தாளானது. சரி, செய்தித்தாள் துணுக்கை டைரிக்குள் வைக்காதீர்கள். அதன் அமிலம் எதிர்ப்பக்கத்தில் இறங்கிப் பழுப்பு நிறச் சதுரமாகப் பதிந்துவிடும். தனி உறையில் போடுங்கள்.

காகிதத்தைச் செப்பனிடலாம். பிரித்துப் போட்டதைச் சேர்ப்பது கடினம். பலதார மணம் இருந்த தலைமுறை அது. ஒரு தாத்தாவுக்கு இன்று ஆயிரக்கணக்கில் வாரிசுகள். எல்லோருக்கும் நியாயமாகப் பங்கு வேண்டும் என்று ஒரு குடும்பம் டைரியைத் தையலில் பிளேடு வைத்து அறுத்து, கிளைக்குச் சில தாள்களாகக் கொடுத்துவிட்டது. என்னிடம் வந்தது பன்னிரண்டு தாள். மீதி எங்கே என்று வந்தவருக்கே தெரியவில்லை. மூலம் ஓரிடத்தில் இருக்கட்டும். எல்லோருக்கும் நல்ல ஸ்கேன் பிரதி கொடுங்கள்.

இன்னொருவர், நூலகத்துக்குக் கொடுக்கும் முன் மூன்று பக்கங்களை எடுத்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். 1880-களில் பல மனைவியர் உள்ளவர்களை மத்திய அரசு சிறையில் அடைத்துக்கொண்டிருந்தது. 1890-இல்தான் சபை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டாம் மனைவி ஒளிந்திருந்த வீட்டைப் பற்றி அந்தப் பக்கங்களில் எழுதியிருந்தது. அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் வெட்ட வேண்டாம் என்றேன். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்று காப்பகத்தோடு எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ள வழி இருக்கிறது.

படிக்க முடியவில்லை என்பதற்காகத் தூக்கிப் போடுவதும் நடக்கிறது. 1854 வாக்கில் ஆங்கிலத்தை ஒலிப்படி எழுத 38 எழுத்துகள் கொண்ட 'டெசரெட்' எழுத்துமுறையை இங்கே உருவாக்கினார்கள். சிலர் அதில் டைரியே எழுதினார்கள். பார்த்தால் குழந்தைக் கிறுக்கல் போல இருக்கும். பிட்மன் சுருக்கெழுத்தும் அப்படித்தான். டென்மார்க்கிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதினார்கள். உங்களுக்குப் புரியாததைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறார்.

காகிதத்தோடு அது வந்த வழியையும் காப்பாற்றுங்கள். கடிதக் கட்டை அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்காதீர்கள். 1840-கள் வரை பெரும்பாலும் கடிதத்தையே மடித்து வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள், அஞ்சல் முத்திரைக்காக அதைக் கிழிக்காதீர்கள். 1980-களில் மார்க் ஹாஃப்மன் என்பவர் இதே சால்ட் லேக் சிட்டியில் சபையின் ஆரம்ப காலத்துக் கடிதங்களைப் போலியாக எழுதி, சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றார். மாட்டிக்கொள்ளும் நிலை வந்தபோது 1985 அக்டோபரில் குண்டு வைத்து இருவரைக் கொன்றார். செயற்கையாகப் பழசாக்கிய மையில் முதலைத்தோல் போன்ற வெடிப்பு இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் போலிகளைப் பிடித்தார்கள். அதன் பிறகு இங்கே எந்தத் தாள் வந்தாலும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்றுதான் முதலில் கேட்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பரணிலும் கராஜிலும் வைக்காதீர்கள், கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி. தரைக்குக் கீழே உள்ள அறையும் வேண்டாம், தண்ணீர் சூடாக்கும் தொட்டி என்றைக்காவது உடையும். ஆட்கள் புழங்கும் அறையின் உள்அலமாரி நல்லது. அமிலமில்லாத அட்டைப் பெட்டி வாங்குங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், கையுறை வேண்டாம், தாளின் ஓரம் கிழிவது விரலுக்குத் தெரியாது. நனைந்துவிட்டால் ஹேர் டிரையர் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு நாளுக்குள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நிரந்தரமாகக் கொடுத்துவிட நினைத்தால் சால்ட் லேக் சிட்டியில் சபையின் வரலாற்று நூலகம், யூட்டா பல்கலைக்கழக நூலகம், ப்ரோவோவில் பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகம் எல்லாம் இருக்கின்றன. போய்ப் பேசிப் பாருங்கள்.

அந்த அம்மாவின் டைரியில் ஒன்பது பக்கங்களிலிருந்து டேப் கறையை எடுத்தேன். இரண்டில் மையும் கூடவே வரத் தொடங்கியதால் விட்டுவிட்டேன். புதுப்பெட்டியில் வைத்துக் கொடுத்தபோது, பழைய பூட்ஸ் பெட்டியை நீங்களே குப்பையில் போட்டுவிடுங்கள் என்றார். மூடியைத் திருப்பிக் காட்டினேன். உள்பக்கம் பென்சிலில் நான்கு பெண்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் வேறு கையெழுத்தில், பக்கத்தில் டைரி கைக்கு வந்த ஆண்டு. கடைசிப் பெயர் அவருடைய அம்மாவுடையது. மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.