கிளாம்பிங்: முகாமோ, கூடாரமோ, வாடியோ?

போன ஸ்கூல் லீவுக்கு நாங்கள் முதல் தரமா கிளாம்பிங் போனம், யால வனவிலங்குப் பூங்கா பக்கம், திஸ்ஸமகாராமை டவுன் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளுக்க. போய் வந்த நாள் தொட்டு வெள்ளவத்தையில மரக்கறிக் கடையில கண்டவையில இருந்து கோயிலில கண்டவை வரைக்கும் கேக்கிற ஒரே கேள்வி, அதென்ன பிள்ளை கிளாம்பிங், தமிழில என்னெண்டு சொல்லுறது. எனக்கும் ஒரு சொல்லு டக்கெண்டு வரேல்ல, வந்த சொல்லு வீட்டில பெரிய மனவருத்தமாப் போச்சுது, அதை பிறகு சொல்லுறன். அதுக்குப் பிறகு தான் இந்தச் சொல்லைப் பிடிச்சு இழுத்துப் பாக்கத் தொடங்கினன்.

முதல்ல இங்கிலிஷ் பக்கம். கிளாமரஸ், காம்பிங் எண்ட ரெண்டையும் வெட்டி ஒட்டினது தான் கிளாம்பிங், வெளியில போய்ச் சொகுசாத் தங்கிறது. 2005 அளவில இங்கிலாந்தில புழங்கத் தொடங்கி 2016ல ஒக்ஸ்போர்ட் அகராதிக்குள்ள போன சொல், அதால வயசு குறைவு, எங்கட மூத்தவளை விட ஒரு கொஞ்சம் தான் கூட. ஆனா உள்ளுக்க இருக்கிற ரெண்டு சொல்லும் நல்ல பழசு. காம்ப் எண்டது லத்தீன் 'காம்புஸ்'ல இருந்து வந்தது, வெளி, திடல் எண்டு அர்த்தம், ரோமாபுரிச் சிப்பாய்மார் பயிற்சி எடுத்த வெளிக்கும் அதே பேர் தான். யுனிவர்சிட்டி கேம்பஸ் எண்டுறமே, அதுவும் இது தான். சாம்பியன் எண்ட சொல்லும் இந்த வேரில தான் முளைச்சது, களத்தில இறங்கி அடிபடுறவன் எண்டு.

கிளாமர் கதை தான் எனக்கு நல்லாப் பிடிச்சது. அது 'கிராமர்' எண்ட சொல்லின்ட திரிபு, ஓம், எங்களுக்கு ஸ்கூலில படிப்பிச்ச இலக்கணம் தான். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு, படிச்சவன் கையில வச்சிருந்த புத்தகம் எல்லாம் மந்திரப் புத்தகமாத் தெரிஞ்ச காலம் அது, அதால கிராமர் எண்டா மந்திர வித்தை எண்டும் ஒரு கருத்து வந்திட்டுது, அதை ஸ்கொட்லாந்து ஆக்கள் 18ம் நூற்றாண்டில கிளாமர் எண்டு திரிச்சு எழுதினவை, வால்டர் ஸ்கொட் தன்ட எழுத்தில பாவிச்சுப் பரப்பினவர். அப்ப அதுக்கு அழகு எண்ட கருத்து இல்லை. கண்ணுக்கு முன்னால ஒண்டை இன்னொண்டாக் காட்டுற வித்தை, எங்கட பாசையில கண்கட்டு. அப்பிடிப் பாத்தா கிளாம்பிங் எண்டா வெட்டவெளியில ஒரு கண்கட்டு. போய் நிண்ட இடத்தை நினைச்சா அது சரியாத்தான் இருக்கு.

ஏனெண்டா வெளியில இருந்து பாக்க அது படங்கால அடிச்ச ஒரு டென்ட், மண் கலர், ரெண்டு பக்கமும் கயிறு இழுத்து ஆப்பு அடிச்சிருக்கு. சிப்பை இழுத்து உள்ள போனா பலகை நிலம், வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய கட்டில், நுளம்பு வலை, ஃபேன், ஃபோன் சார்ஜ் பண்ண பிளக், பின்பக்கம் இன்னொரு சிப், அதுக்குப் பின்னால கூரை இல்லாத பாத்ரூம், சுடுதண்ணி வருது. தலையில தண்ணி ஊத்தேக்க மேல பாலை மரக் கொப்பில குரங்கு இருந்து பாக்குது. மகன் ஒரு மணித்தியாலம் அந்த சிப்பை மூடித் திறந்து கொண்டே இருந்தான். ஆனா சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் உள்ள வச்சிருக்கக் கூடாது, பிஸ்கட் பக்கெட் கூட வாங்கி ஒரு இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினவை, வாசத்துக்கு மிருகம் வருமாம். இருட்டினாப் பிறகு தனிய நடக்கவும் விடுறேல்ல, சாப்பிடப் போறதெண்டாலும் ஒருத்தர் டோர்ச் லைட்டோட முன்னால வருவார்.

யால எண்டது சின்ன இடமில்லை, 979 சதுர கிலோமீட்டர், 1900ல சரணாலயமாக்கி 1938ல தேசிய பூங்காவாக்கினது. கேட் காலமை 6 மணிக்குத் திறந்தா பின்னேரம் 6க்கு மூடீடும், உள்ள இரவு தங்கிறதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட பங்களா, காம்ப் இடங்கள் தான், அதுக்கு அவையிட்டயே புக் பண்ணோணும். அதால இந்த கிளாம்பிங் இடங்கள் கனக்க எல்லைக்கு வெளியில, பூங்கா ஓரமா இருக்கு. எல்லை எண்டது எங்களுக்குத் தான், யானைக்குத் தெரியாதே.

சபாரி எண்ட சொல்லையும் ஒருக்கா சொல்லிப்போட்டுப் போறன். அது ஆபிரிக்காவில சுவாஹிலி சொல், பயணம் எண்டு அர்த்தம், சுவாஹிலிக்கு அரபியில இருந்து போனது. எங்கட முஸ்லிம் ஆக்கள் பயணத்துக்கு 'ஸபர்' எண்டு சொல்லுறதும் அதே வேர் தான், அப்ப சபாரி ஒண்டும் எங்களுக்குத் தூரத்துச் சொல்லில்லை.

இனி அந்த மனவருத்தக் கதை. போறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு கேட்டன். அம்மா கேட்டவா கிளாம்பிங் எண்டா என்னெண்டு. நான் ஃபோனைப் பாத்துக்கொண்டே யோசிக்காம, "முகாம் மாதிரி அம்மா, ஆனா நல்ல வசதியா இருக்கும்" எண்டன். அம்மா கீரை ஆய்ஞ்சுகொண்டு இருந்தவா, கை நிண்டிட்டுது. "முகாமுக்குக் காசு குடுத்துப் போறீங்களோ" எண்டு கேட்டா. கோவமாக் கேக்கேல்ல. பிறகு, "நான் வரேல்ல, நீங்கள் பிள்ளையளோட போட்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு கீரையோட குசினிக்குள்ள போட்டா.

அம்மாவுக்கு 83ல 22 வயசு. ஆடிக்கலவரத்தில வீடு எரிஞ்சு கொழும்பில முகாமாக்கின ஒரு பள்ளிக்கூடத்தில மேசை ரெண்டை இழுத்துச் சேத்து அதில படுத்தவா, பிறகு கப்பலில காங்கேசன்துறைக்கு ஏத்தி விட்டவை. அந்தக் கப்பல் கதையை எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறா, அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்த நாளுகளை மட்டும் சொல்ல மாட்டா. பெரியம்மாவின்ட குடும்பம் 2009ல செட்டிகுளம் மெனிக் பாமில, ரெண்டு லட்சத்துக்கு மேல சனத்தை முள்ளுக்கம்பிக்குள்ள வச்சிருந்த இடம், அங்கயும் தலைக்கு மேல படங்கு தான். இது தெரிஞ்ச நான் எப்பிடி அந்தச் சொல்லை அவ்வளவு லேசா விட்டன் எண்டு இப்பவும் மனசு குத்துது.

முகாம் எண்ட சொல்லில பிழை இல்லை. அது அரபியில 'மகாம்', நிக்கிற இடம், தங்கிற இடம், பாரசீகம் உருது வழியாத் தமிழுக்கு வந்தது. அரபு இசையில ராகம் மாதிரி ஒண்டை மகாம் எண்டு சொல்லுறதும் அதே சொல் தான். தமிழ்நாட்டில பெரிய ஆக்கள் ஊர் போனா 'முகாம்: மதுரை' எண்டு போடுவினம், அங்க அது வெறும் தங்கல். எங்களிட்டயும் இரத்ததான முகாம், கண் பரிசோதனை முகாம் எண்டு நல்லதுக்கும் பாவிக்கிறம். ஆனா இலங்கையில ஒரு தமிழ் வீட்டில முன்னுக்கு ஒண்டும் போடாம தனிய 'முகாம்' எண்டா, அகதி முகாம், நலன்புரி முகாம், தடுப்பு முகாம், இராணுவ முகாம், இது தான் காதில விழும். அகராதியில இருக்கிற கருத்து ஒண்டு, சனத்தின்ட உடம்பில இருக்கிற கருத்து இன்னொண்டு. அதால சொகுசு முகாம், ஆடம்பர முகாம் எண்டு மொழிபெயர்க்கிறதை நான் இந்த நாட்டுத் தமிழுக்கு ஏற்க மாட்டன். நாங்கள் நிண்ட இடத்து போர்டிலயும் மூண்டு பாசை எழுதி, தமிழில 'ஆடம்பர முகாம்' எண்டு தான் கிடந்தது. முதலாளியிட்ட சொல்லிப்போட்டுத் தான் வந்தனான்.

அப்ப என்ன சொல்லுறது? கூடாரம் எண்டு ஒரு சொல் இருக்கு, நல்ல சொல், சொகுசுக் கூடாரம் எண்டா ஆக்களுக்கு விளங்கும். ஆனா கிளாம்பிங் எண்டு விக்கிறதெல்லாம் டென்ட் இல்லை, மரத்துக்கு மேல கட்டின வீடு, கண்ணாடி போட்ட உருண்டைக் கொட்டில், மரக் குடில் எல்லாத்தையும் அந்தப் பேரில தான் குடுக்கினம், அதுகளைக் கூடாரம் எண்டு சொல்ல ஏலாது.

பழந்தமிழில தேடினா முல்லைப்பாட்டில இந்தக் காட்சி அப்பிடியே இருக்கு. நப்பூதனார் பாடினது, 103 அடி, பத்துப்பாட்டில ஆகச் சின்னது. ராசா படையோட போய் காட்டாத்தங்கரையில தங்கியிருக்கிறார், பிடவஞ்செடியையும் பத்தையளையும் வெட்டித் துப்புரவாக்கி, சுத்திவர முள்ளை இழுத்துப் போட்டு வேலி, 'இடுமுட் புரிசை', நாங்கள் நிண்ட இடத்தில அதுக்குப் பதிலா மின்சார வேலி. அதுக்குள்ள கடல் மாதிரிப் பரந்த 'பாடி'. பாடிவீடு, பாசறை, படைவீடு எண்டெல்லாம் சொல்லுறது இதைத் தான், முருகன்ட ஆறுபடைவீட்டிலயும் அந்தப் படைவீடு தான் இருக்கு எண்டு சொல்லுவினம். சிப்பாய்மாரின்ட இருப்பிடத்தைச் சொல்லேக்க 'கயிறு வாங்கு இருக்கை' எண்டுறார், கயிறு இழுத்துக் கட்டின இருப்பிடம். டென்ட் எண்ட சொல்லுக்கும் லத்தீனில 'இழுத்து விரிச்சது' எண்டு தான் பொருள், ரெண்டு ஊரிலயும் ஆக்கள் கயிற்றைத் தான் முதல் பாத்திருக்கினம்.

ராசாவுக்கு அதுக்குள்ள வேற இடம். நீளக் கம்பு நட்டுத் துணித் திரையால சுத்தி வளைச்சு, உள்ள 'எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி', திரை இழுத்துப் பிரிச்ச ரெண்டு ரூம் படுக்கை. அணைய அணைய விளக்கை ஏத்திக்கொண்டு நிக்கிறதுக்குப் பெண்கள், நேரம் பாத்துச் சொல்ல நீர்க்கடிகாரம், காவலுக்கு யவனர். காட்டுக்கு நடுவில, முள்வேலிக்குள்ள, ரெண்டு ரூம், லைட், செக்யூரிட்டி. இதை விட வேற என்ன கிளாம்பிங்? ஆனாலும் பாசறை, பாடி எண்ட சொல்லை எடுத்து இதுக்கு வைக்க எனக்கு மனமில்லை, அது போர்ச் சொல், திரும்பவும் ஆர்மி காம்புக்குத் தான் கொண்டுபோய் விடும். அந்த ராசாவும் அவ்வளவு வசதிக்குள்ள கிடந்தும் காயப்பட்ட யானையளையும் செத்த ஆக்களையும் நினைச்சு நித்திரை இல்லாமத் தான் இருக்கிறார்.

கடைசியில சொல்லு வந்தது இவரின்ட வாயில இருந்து. அம்மா வரேல்ல எண்டு சொல்லி மூண்டாம் நாள் சாப்பிடேக்க, "மாமி, அது வாடிவீடு மாதிரி ஒண்டு தான், காட்டுக்குள்ள வாடி போட்டு வச்சிருக்கிறாங்கள்" எண்டார். அம்மா நிமிர்ந்து பாத்து, "மீன் வாடி மாதிரியோ" எண்டு கேட்டா. அம்மா சின்னனில முல்லைத்தீவில மாமா ஆக்களின்ட வாடியில போய் நிண்டவா, மீன் சீசனுக்குப் போய்க் கடற்கரையில கிடுகால போடுற வாடி, சீசன் முடிய அவிழ்த்துக்கொண்டு வாறது. மணலுக்கு மேல படுத்தா அலைச்சத்தம் முதுகில கேக்கும் எண்டு சொல்லுவா. அண்டு பின்னேரமே பையை எடுத்து வச்சுட்டா.

வாடி எங்கட நாட்டில உயிரோட இருக்கிற சொல். மீன்வாடி, கருவாட்டு வாடி, எல்லாம் தொழில் நடக்கிற இடத்தில அந்த நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுற கொட்டில், எதால கட்டினது எண்டு சொல்லு கேக்காது, கிடுகோ தகரமோ படங்கோ பலகையோ எல்லாம் வாடி தான். வெள்ளைக்காரர் காலத்தில அதிகாரிமார் பயணத்தில தங்கிறதுக்குக் கட்டின ரெஸ்ட் ஹவுசுக்கு எங்கட ஆக்கள் வாடிவீடு எண்டு தான் பேர் வச்சவை, திஸ்ஸ வாவிக் கரையிலயும் முந்தி ஒண்டு இருந்தது. அப்ப பிரயாணி காசு குடுத்துத் தங்கிற கருத்து இந்தச் சொல்லுக்குள்ள எப்பவோ வந்திட்டுது, நாங்கள் புதுசா ஒண்டும் திணிக்கத் தேவையில்லை. சிங்களத்திலயும் 'வாடிய' எண்டு இருக்கு, ஜீப் டிரைவர் தம்பிக்கு அம்மா தன்ட அரைகுறைச் சிங்களத்தில சொல்லேக்க அவனுக்கு உடன விளங்கீட்டுது, தன்ட ஊரிலயும் மீன்காரர் போடுறவையாம்.

முன்னால 'சொகுசு' போடலாம். அது தெலுங்கில 'சொகசு', அழகு எண்டு கருத்து, கிளாமருக்கு இதை விடக் கிட்டின சொல் எனக்குத் தெரியேல்ல. வாடி எண்டா ஏழைக் கொட்டில் எல்லோ எண்டு கேக்கிறவைக்கும் அந்தச் சொகுசு பதில் சொல்லும். விளம்பரத்துக்குச் சொகுசு வாடி, வாயில கதைக்க காட்டுவாடி. ஆத்தங்கரையில இருந்தா ஆத்துவாடி எண்டும் சொல்லலாம், கிளாம்பிங் எண்ட சொல்லுக்கு இந்த நெகிழ்வு இல்லை. 'கிளாம்பிங் போறம்' எண்டதுக்கு 'வாடியில நிக்கப் போறம்', அவ்வளவு தான்.

அங்க போய் அம்மா முதல் செஞ்சது டென்ட் சுவரைத் தடவிப் பாத்தது. "படங்கு தானே" எண்டா, பிறகு கயிற்றை ஒருக்கா இழுத்துப் பாத்தா, ஒண்டும் சொல்லேல்ல. போர்டில இருந்த தமிழையும் வாசிச்சவா, நான் கண்டனான், அதுக்கும் ஒண்டும் சொல்லேல்ல. இரவு ரெண்டு மணி இருக்கும், வெளியில கொப்பு முறியிற சத்தம், அதோட வயித்துக்குள்ள இடி உருளுற மாதிரி ஒரு சத்தம், யானை வேலிக்கு அங்கால நிண்டு சாப்பிடுது. நான் மகளின்ட கையைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு விடாமக் கிடந்தன், அடுத்த கட்டிலில அம்மா எழும்பி இருந்து கேட்டுக்கொண்டு இருந்தா, அது போற வரைக்கும்.

அடுத்த நாள் கதிர்காமம் போய் மாணிக்க கங்கையில கால் நனைச்சுப்போட்டுத் தான் கொழும்புக்கு வெளிக்கிட்டம். ஹைவேயில ஏறினாப் பிறகு அம்மா வவுனியாவுக்குப் பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்தவா, ஸ்பீக்கரில போட்டுத் தான் கதைப்பா. எங்க போனீங்கள் எண்டு பெரியம்மா கேக்க, "யாலயில காட்டுவாடி ஒண்டில நிண்டனாங்கள் அக்கா, யானை வந்தது, வாற முறை நீயும் வா" எண்டா. "வாடியில பாத்ரூம் இருக்கோ" எண்டு தான் பெரியம்மா திருப்பிக் கேட்டவா.