கப்பலைத் தேடும் முன் அப்பாவின் எண்ணைத் தேடுங்கள்

சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அப்பா படத்தை அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார் மகன். பட்டர்வொர்த்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். (ஆள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஜார்ஜ்டவுனில் இருக்கும் என் அலுவலகத்துக்கு நிலப் பட்டா விஷயமாக வந்தவர், வேலை முடிந்ததும் பையிலிருந்து இரண்டு பிரேம்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் வெள்ளைச் சட்டையும் வட்டத் தொப்பியுமாக அப்பா. மற்றதில் ஒரு போர்க்கப்பல். இணையத்திலிருந்து எடுத்துக் கலரில் அச்சடித்தது.

"அப்பா கே.டி. ஹங் துவாவுல இருந்தாரு, லாயர். அவர் பேர் எங்கயாவது பதிவாகியிருக்குமா?"

கே.டி. என்றால் 'கப்பால் டிராஜா', அரச கப்பல் என்று பொருள். நேவியை விட்டு எப்போது வந்தார் என்று கேட்டேன். 1974 என்றார்.

சிக்கல் அங்கேயே தெரிந்துவிட்டது. படத்தில் இருந்த ஹங் துவா 1977-இல்தான் நம் மலேசியக் கடற்படைக்கு வந்தது. முதலில் கானா நாட்டுக்காகக் கட்டப்பட்டு, பிறகு 'மெர்மெய்ட்' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் ஓடிய கப்பல் அது. அப்பா காலத்து ஹங் துவா வேறு. இரண்டாம் உலகப் போரின்போது 'லாக் இன்ஷ்' என்ற பெயரில் கட்டப்பட்டு, 1964-இல் நம் கொடிக்கு மாறியது. பெயர் ஒன்று, கப்பல் இரண்டு. இணையத்தில் தேடினால் புதியதுதான் முதலில் வந்து நிற்கும்.

இந்த மாதிரி வருகிறவர்கள் எல்லோருமே கப்பலின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் கடற்படை தன் ஆட்களைக் கப்பல்வாரியாக அல்ல, ஆள்வாரியாகத்தான் பதிவு செய்கிறது. ஒருவர் இரண்டு வருடம் ஒரு கப்பலில் இருப்பார், அப்புறம் கரையில், அப்புறம் வேறொன்றில். அத்தனையையும் ஒரே கயிற்றில் கட்டி வைப்பது அவருடைய பணி எண். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்பா படத்தின் கண்ணாடியில் அம்மா தினமும் வைத்த சந்தனப் பொட்டு வழிந்து, தொப்பி நாடாவின் எழுத்துகள்மேல் காய்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தோம். ஹங் துவா இல்லை, 'கே.டி. மலாயா'. மகன் முகம் வாடிவிட்டது. அது கப்பலே இல்லை, கடற்படைத் தளம். அப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. இன்று லூமுட் தளத்துக்கு அதே பெயர். கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன பழக்கம். கே.டி. ஸ்ரீ சபா கடலில் ஓடிய ரோந்துக் கப்பல், கே.டி. ஸ்ரீ லாபுவான் கரையில் இருந்த நிலையம். தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிறகு பிரேமின் பின்பக்க ஆணிகளைக் கழற்றினோம். படத்தின் பின்னால் பென்சிலில் ஓர் எண். நான்காவது இலக்கம் ஒன்றா ஏழா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பார்த்திருப்போம். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதினேன்.

தற்காப்பு அமைச்சுக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம் மலாயில் இருக்கட்டும். மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புப் பத்திரம், அம்மாவின் திருமணப் பதிவு எல்லாம் வேண்டும். அடுத்தவர் பதிவை யாரும் சும்மா காட்ட மாட்டார்கள். அப்பாவின் பழைய ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் எழுதுங்கள். 12 இலக்க எண் 1990-இல்தான் வந்தது, அறுபதுகளின் தாள்களில் அது இருக்காது. பெயர்தான் பெரிய தலைவலி. சுப்பிரமணியம் ஒரு தாளில் 'எம்'மில் முடிவார், இன்னொன்றில் 'என்'னில் முடிவார். ஒன்றில் ஆங்கிலத்தில் 'எஸ்/ஓ', மற்றதில் மலாயில் 'ஏ/எல்'; இரண்டுக்கும் 'இன்னாரின் மகன்' என்றுதான் பொருள். இருவரும் ஒருவரே என்று 1960-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சேர்த்துவிடுவது நல்லது. தளம் உட்லண்ட்ஸில் இருந்ததால் அக்கா, அண்ணன் சிங்கப்பூரில் பிறந்திருக்கலாம். அந்தப் பத்திரங்களை அங்கேதான் கேட்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெளியே வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பென்ஷன் கிடையாது. அம்மாவுக்கு வேறு ஏதாவது உதவி உண்டா என்பதை முன்னாள் வீரர் விவகாரத் துறையில், அதாவது ஜேஎச்இவி-யில், நேரில் கேட்டுவிடுங்கள்.

எல்லா 'நேவி'யும் நேவி இல்லை. "தாத்தா நேவல் பேஸ்ல இருந்தாரு" என்று ஒரு பெண் வந்தார். விசாரித்துப் பார்த்தால் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் தொழிலாளி. நம் தமிழர்களும் மலையாளிகளும் அங்கே ஏராளமாக வேலை செய்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையிடம் சம்பளம் வாங்கிய சிவிலியன்கள் அவர்கள். 1968 டிசம்பரில் அந்தப் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்குப் போனது. நம் தற்காப்பு அமைச்சிடம் போய் அவர் பெயரைக் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். அதனால் தாத்தா பொய் சொன்னார் என்று ஆகிவிடாது.

கப்பலின் லாக் புக்கை, அதாவது அன்றாடக் குறிப்பேட்டை, தேடலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் லாக் புக்குகள் லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏடிஎம் 53' வரிசையில் இருக்கின்றன. கப்பல் எங்கே நின்றது, காற்று எப்படி அடித்தது என்பதெல்லாம் இருக்கும். சாதாரண மாலுமியின் பெயர் அபூர்வம். அதைவிட சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் கப்பல் பெயரைப் போட்டுத் தேடுவது மலிவு.

அதைவிட மலிவு அம்மாவிடம் கேட்பது. பட்டர்வொர்த் மகன் அதுவரை கேட்டதே இல்லை. என் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "லாபுவானுக்கு அனுப்பிட்டாங்கப்பா. ஆறு மாசம் லெட்டர்கூட வரல. நீ அப்போ வயித்துல" என்றார் அம்மா. மகன் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த வருடம் என்று கடிதத்தில் சேர்த்தேன்.

பதில் வந்தது. இலக்கம் ஏழுதான். லாபுவான் இருந்தது. ஹங் துவாவும் இருந்தது, பதினொரு மாதம். அப்படியானால் அந்தக் கலர்ப் படத்தை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க லாயர், அம்மா அதுக்கும் பொட்டு வைக்க ஆரம்பிச்சிட்டாங்க."