கடலோர வீட்டுக்கு நிழல் மரம் வைக்கப் போறீங்களா, முதல்ல வேரைப் பாருங்க

மொரீஷியஸ் கிழக்குக் கரையில இருக்குற போஸ்ட் லாஃபாயெத் பக்கம் ஒரு அம்மா கூப்பிட்டு, "தம்பி, சீக்கிரம் நிழல் குடுக்கணும், பூவும் பூக்கணும், ஒரு ஃப்ளாம்ப்வாயான் வெச்சுக் குடுங்க"ன்னாங்க. ஃப்ளாம்ப்வாயான்னா நம்ம குல்மோஹர் மரம்தான். டிசம்பர்ல மொரீஷியஸ் பூரா அது செவந்து நிக்குற அழகு எனக்கும் பிடிக்கும், ஆனா இந்தக் கிழக்குக் கரையில தென்கிழக்குக் காத்து உப்பைத் தூக்கிட்டு வந்து அடிக்குது, நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் சைக்ளோன் சீசன் வேற, இந்த மரத்தோட கிளை லேசுல முறியும், வேரு மேலாப்புல ஓடி தரையைத் தூக்கிடும்.

சவுக்கு, அதான் நம்ம ஃபிலாவோ, சீக்கிரம் வளரும்தான். மணல் அரிச்சா வேரோட சாயும், வீட்டுப் பக்கம் வேணாம்.

நான் வைக்கச் சொல்றது புன்னை. நர்சரில தகமாகான்னு கேளுங்க, கடற்கரை வகைன்னு சேத்துச் சொல்லுங்க, காட்டுத் தகமாகா வேற. இலை தோல் மாதிரி தடிமனா இருக்கும், உப்பு பட்டா சட்டுனு கருகாது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தலமரமே இதுதான், அதுவும் கடலுக்குப் பக்கத்து ஊருதானே. மெதுவாத்தான் வளரும், பொறுமை வேணும். இடம் சின்னதுன்னா பூவரசு போதும், அதுவும் உப்பு தாங்கும்.

எந்த மரமா இருந்தாலும் பெரிய தொட்டிச் செடியா வாங்காதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். 2024 ஜனவரில பெலால் சைக்ளோன் வந்துட்டுப் போனப்புறம் ஒரு வீட்டுக்குப் போனேன், ஆள் ஒசரத்துக்கு மேல வாங்கி நட்ட மரம் மொத்தமா சாஞ்சு கெடக்கு, கிளை ஒண்ணுகூட முறியல. புரட்டிப் பாத்தா வேரு தொட்டி வடிவத்துலயே கயிறு மாதிரி சுத்திக் கெடக்கு, நட்டு மூணு வருஷம் ஆகியும் வெளி மண்ணுக்குள்ள போகவே இல்ல. மனசு கஷ்டமாப் போச்சு. அதனால முழங்கால் ஒசரக் கன்னா வாங்குங்க, கடையிலயே தொட்டிலருந்து உருவிக் காட்டச் சொல்லுங்க, வேரு சுத்தியிருந்தா வாங்காம கடையிலயே விட்டுட்டு வந்துடுங்க.

கன்னுக்குத் தாங்கலா குச்சி நட்டா தாழ்வா, தளர்வாக் கட்டுங்க, தண்டு ஆடினாத்தான் தடிக்கும், ஒரு வருஷத்துல அவுத்துடணும். காத்து வர்ற பக்கம் சுவர் வேணாம், சுவர் மேல ஏறின காத்து இந்தப் பக்கம் சுழண்டு அடிக்கும், ஷேட் நெட் கட்டினா பாதிக் காத்தை வடிகட்டி விடும். அப்புறம் சைக்ளோனுக்குப் பயந்து மரத்தோட தலையை மொட்டையா வெட்டுறாங்களே, அதைச் செய்யவே செய்யாதீங்க, வெட்டின எடத்துல வர்ற புதுக் கிளைக்குப் பிடிமானமே இருக்காது, அடுத்த காத்துல அதுதான் முதல்ல பிஞ்சு வரும்.

அந்த அம்மா வீட்டுல இப்போ ரெண்டு புன்னங்கன்னு நிக்குது, சுவர்லருந்து எட்டு மீட்டர் தள்ளி, தென்கிழக்குல வலை கட்டி.