பைப்லைன்: குழாய்வழியா, குழாய்த்தொடரா?

"நைட் பைப்லைன் ஓடிச்சா?" தரவுகளோடு மல்லுக்கட்டும் அலுவலகங்களில் காலையில் காபிக்கு முன்பே எழும் கேள்வி இது. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் பொருள் தெரியும். கடைகளின் விற்பனைக் கணக்கு ஒரு தரவுத்தளத்தில் இருக்கும், செயலி வழியே வந்த ஆர்டர்கள் இன்னொன்றில் இருக்கும், வங்கி அனுப்பும் வரவுப் பட்டியல் எக்செல் கோப்பாக எங்கோ கிடக்கும். இவற்றையெல்லாம் குறித்த நேரத்தில் எடுத்து, சீர்செய்து, ஒரே கிடங்கில் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டைத்தான் பைப்லைன் என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வரும்போதுதான் ஆளுக்கொரு சொல் வருகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. 'பைப்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'பிப்பாரே' என்றால் குஞ்சுப் பறவைபோல் கீச்சிடுவது. அந்த ஒலியை எழுப்பும் ஊதுகருவிக்கு அதுவே பெயராகி, பிறகு அக்கருவியைப் போலவே உள்ளே துளையுள்ள எல்லாவற்றுக்கும் பரவியது. நம்மிடமும் இசைக்கருவியும் துளைக்கருவியும் ஒரே சொல்லில்தான் வாழ்கின்றன. குழல் ஊதவும் செய்யும், அடுப்பு ஊதவும் செய்யும்; குழாய் அதன் உடன்பிறப்பு. 'தூம்பு' இன்னும் பழையது. சங்க இலக்கியத்தில் அது பெருவங்கியம் என்னும் நீண்ட ஊதுகருவி, ஏரிக்கரையில் அது நீரை வெளியேற்றும் மதகுக் குழாய். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் யோசித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

'பைப்லைன்' என்ற கூட்டுச்சொல்லை உலகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது எண்ணெய்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1865-இல் சாமுவேல் வான் சைக்கிள் என்பவர் பிட்ஹோல் எண்ணெய் வயலிலிருந்து ரயில் நிலையம்வரை 2 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய்களைச் சுமார் 5 மைல் தூரத்துக்குப் பதித்தார். அதுவரை பீப்பாய்களைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பிழைத்த வண்டிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தப் பொருளில் தமிழ் நாளிதழ்களுக்குச் சிக்கலே இல்லை. கோவை, ஈரோடு, தருமபுரி உள்ளிட்ட 7 மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே எரிவாயுவைக் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தபோது, எல்லோரும் 'குழாய் பதிப்பு' என்றே எழுதினார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணெய்க் குழாயில் ஒரு முனையில் எது நுழைகிறதோ, மறுமுனையில் அதுவே வரும். கணினிக்காரர்கள் கையில் சொல் மாறியது இந்த இடத்தில்தான். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இல் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து ஹோஸ் துண்டுகளை ஒன்றோடொன்று முடுக்குவதுபோல் நிரல்களையும் இணைக்க ஒரு வழி வேண்டும், தரவை வேறு விதமாகப் பிசைய வேண்டுமானால் இன்னொரு துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அது நடைமுறைக்கு வர 1973 ஆயிற்று. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் கென் தாம்சன் எழுதிச் சேர்த்தார். இன்றும் | என்ற ஒற்றைக் கோட்டை இட்டால், இடப்பக்க நிரல் கொடுப்பதை வலப்பக்க நிரல் வாங்கிக்கொள்கிறது. ஒன்று வரிசைப்படுத்தும், அடுத்தது இரட்டிப்பை நீக்கும், மூன்றாவது எண்ணிச் சொல்லும். நுழைந்தது வேறு, வெளிவருவது வேறு. எண்ணெய்க் குழாயில் கடத்துவதே வேலை. இங்கே துண்டுதோறும் வேலை நடக்கிறது.

(கணினியின் ப்ராசஸர் சில்லுகளின் உள்ளமைப்பிலும் பைப்லைன் உண்டு. ஓர் ஆணை இரண்டாம் கட்டத்தில் இருக்கும்போதே அடுத்த ஆணை முதல் கட்டத்துக்குள் நுழைவது. 1961-இல் வந்த ஐபிஎம் 7030 கணினி இதைக் கையாண்டது. அது தனிக் கதை.)

தரவு உலகில் அந்த வேலைக்கு மூன்று படிகள் சொல்வார்கள். எடுத்தல், மாற்றல், ஏற்றல். இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் மேகக் (கிளவுட்) கிடங்குகள் வந்து கணிப்புத்திறன் மலிந்தபின் வரிசை புரண்டது. எடுத்து, அப்படியே ஏற்றிவிட்டு, கிடங்கில் வைத்தே மாற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் ETL, ELT என்று எழுத்துச் சுருக்கமாக வழங்குவதை 'எடு-மாற்று-ஏற்று' என்றும் 'எடு-ஏற்று-மாற்று' என்றும் சொல்லிவிடலாம். ஆங்கிலச் சுருக்கத்தைவிட இது எளிதில் விளங்கும் என்பேன்.

கருவியை அமைத்து நிர்வகிக்கும் திரையான அட்மின் பேனலில் இது எப்படித் தெரிகிறது? ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014-இல் தொடங்கி, இன்று அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இருக்கும் ஏர்ஃப்ளோவை எடுத்துக்கொள்வோம். பைப்லைன்களை நேரம் குறித்து ஓட்டும் கருவி அது. அதில் 'அட்மின்' என்றே ஒரு பட்டி உண்டு. அதற்குள் 'கனெக்‌ஷன்ஸ்' போனால் ஒரு படிவம் விரியும். இணைப்புக்கு ஒரு பெயர், என்ன வகை, ஹோஸ்ட் (தரவுத்தளம் இருக்கும் கணினியின் முகவரி), பயனர்பெயர், கடவுச்சொல், போர்ட் எண் (அக்கணினியில் நுழையும் வாயிலின் எண்). தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரஸ் என்றால் வழக்கமாக 5432, மைஎஸ்க்யூஎல் என்றால் 3306. நிரப்பிச் சேமித்தால் மூலமோ சேருமிடமோ ஒன்று தயார். ஆனால் எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்ற வரிசை இந்தப் படிவத்தில் இல்லை. அது பைத்தான் கோப்பில் எழுதப்படுகிறது. ஏர்பைட் போன்ற கருவிகளில் தரவு வரும் மூலம், சேருமிடம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்ற இடைவெளி எல்லாவற்றையும் திரையிலேயே அமைத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் முழுவதையும் அள்ளுவதா, கடைசியாக எடுத்ததற்குப் பின் வந்ததை மட்டும் எடுப்பதா என்ற தேர்வும் அங்கேயே இருக்கும்.

நேரக்குறிப்பில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். 0 2 * * * என்று எழுதினால் தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடும்; முதல் எண் நிமிடம், அடுத்தது மணி, நட்சத்திரங்கள் எல்லா நாளும் என்பதற்கு. ஆனால் ஏர்ஃப்ளோ இயல்பாகப் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. சென்னையில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டி ஓடட்டும் என்று வைத்தது காலை 7.30-க்கு ஓடும். கடை திறக்கும் நேரத்தில் அறிக்கை பாதியில் நிற்கும். நேர மண்டலத்தை முதலிலேயே குறித்துவிடுவது நல்லது.

சேருமிடத்தில் தமிழ்த் தரவுக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. அமேசானின் தரவுக் கிடங்கான ரெட்ஷிஃப்டில் அட்டவணையின் உரைப் பத்தியின் (காலம்) நீளத்தைக் கணக்கிடுவது எழுத்தால் அல்ல, பைட்டால். 'திருவண்ணாமலை' நமக்கு 7 எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 12 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. ஊர்ப்பெயருக்கு 30 போதுமே என்று பத்தியை அமைத்திருந்தால் வேலூர் நுழையும், திருவண்ணாமலை வெளியே நிற்கும்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'டேட்டா'வுக்குத் தரவு நிலைத்துவிட்டது, அதுவும் பொருத்தமாக. லத்தீனில் 'டாட்டும்' என்றால் கொடுக்கப்பட்டது; தமிழில் தருவது தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர் என்பது யாப்பு படித்தவர்களுக்குக் கூடுதல் இன்பம். பல இடத்துத் தரவை இப்படி ஒன்றுசேர்க்கும் 'இன்டக்ரேஷன்' ஒருங்கிணைப்பு. நீளம்தான், ஆனால் பழகிவிட்டது.

பைப்லைனுக்கு மூன்று சொற்கள் கண்ணில் படுகின்றன: குழாய்வழி, குழாய்ப்பாதை, குழாய்த்தொடர். முதலிரண்டும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் சரி. இங்கிருந்து அங்கே போகும் தடத்தைச் சொல்கின்றன. தரவுக்கு அவை போதா. படிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கப்பட்டிருப்பதும், இடையில் ஒன்று நின்றால் அடுத்தது ஓடாததும் 'தொடர்' என்பதில்தான் வருகின்றன. மெக்கில்ராய் நினைத்ததும் அதுவே. ஆகவே என் வாக்கு 'தரவுக் குழாய்த்தொடர்' என்பதற்கு. ஒருமுறை அப்படி எழுதிவிட்டால் அதே கட்டுரையில் பிறகு 'தொடர்' என்று சுருக்கிக்கொள்ளவும் இடம் தருகிறது. 'வாய்க்கால்' என்று எழுதலாமே என்பவர்களும் உண்டு. கேட்க அழகுதான், ஆனால் வாய்க்காலும் வந்ததை வந்தபடி அனுப்புவதே.

'அட்மின் பேனல்' நிர்வாகப் பலகம் ஆகலாம். 'சோர்ஸ்' மூலம், 'டெஸ்டினேஷன்' சேருமிடம், 'ரன்' ஓட்டம். இரு பக்கத் தரவையும் ஒன்றுபோல் வைக்கும் 'சிங்க்' (sync) என்பதற்கு ஒத்திசைவு பரவாயில்லை. கடவுச்சொல் முதலானவற்றைக் குறிக்கும் 'கிரெடென்ஷியல்ஸ்' என்பதைச் 'சான்றுகள்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கும்போது மட்டும் உறுத்துகிறது. தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவதுதான் சான்று. இங்கே 'நுழைவு விவரம்' என்றாலே போதும்.

மேலாளர்கள் சொல்லும் "ரெண்டு ப்ராஜெக்ட் பைப்லைன்ல இருக்கு" என்பதில் குழாயும் இல்லை தொடரும் இல்லை. அதைக் 'குழாயில் இரண்டு திட்டங்கள் உள்ளன' என்று பெயர்த்த அறிக்கைகள் உண்டு. 'வரவிருக்கின்றன' என்று எழுதுங்கள். இன்னும் கையெழுத்தாகாதவை என்றால் 'பேச்சில் இருக்கின்றன'.