கடன் மன்னிப்பா, கடன் தள்ளுபடியா?

அமெரிக்கக் கல்விக்கடன் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்று மெய்ப்புத் திருத்த என் மேசைக்கு வந்தது. மூன்று பக்கத்தில் பதினோரு இடங்களில் ‘மாணவர் கடன் மன்னிப்பு’. பதினொன்றையும் அடித்துவிட்டுக் ‘கல்விக்கடன் தள்ளுபடி’ என்று எழுதினேன். “மூலத்தில் மன்னிப்பு என்றுதானே சார் இருக்கிறது?” என்று மொழிபெயர்த்தவர் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

மூலத்தில் இருப்பது ‘ஃபர்கிவ்’. அதன் உள்ளே ‘கிவ்’, அதாவது ‘கொடு’, இருக்கிறது. தனக்கு வரவேண்டியதை அடியோடு விட்டுக்கொடுப்பது அதன் பழம்பொருள்களில் ஒன்று. அதனால் அது பிழைக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும். தமிழில் மன்னிப்பு பிழைக்கு மட்டுமே உரியது. தவறு செய்தவரைத்தான் மன்னிக்கிறோம். கடன் வாங்கியது தவறா?

“எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று தமிழ் விவிலியத்திலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கடன், பாவத்துக்கு உருவகம். பாவத்தை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்பது முறைதான். கல்லூரிக் கட்டணத்துக்காகப் பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்ட பத்திரம் பாவமாகாது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். சுங்கம் மன்னித்த சோழன் என்று யாரும் எழுதவில்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 2022 ஆகஸ்டில் பைடன் அரசு, ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைந்தவர்களுக்கு 10,000 டாலர் வரையிலும், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றிருந்தவர்களுக்கு 20,000 டாலர் வரையிலும் கடனைக் குறைப்பதாக அறிவித்தது. வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்து முடித்தவருக்கு என்ன கிடைக்கும்? கல்லூரிப் படியே மிதிக்காத லாரி ஓட்டுநரின் வரிப்பணம் இதற்குப் போகலாமா? இவை நேர்மையான கேள்விகள், பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ‘மன்னிப்பு நியாயமா?’ என்று தலைப்பிட்ட கணத்திலேயே கடன் வாங்கியவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். அமெரிக்காவிலேயே கடனாளிகளுக்காகப் போராடுகிறவர்களில் பலர் இதே காரணத்துக்காக ‘மன்னிப்பு’ வேண்டாம், ‘ரத்து’ என்று சொல்லுங்கள் என்கிறார்கள்.

அமெரிக்காவில் பொதுச்சேவையில் இருப்பவர்களுக்காக 2007இல் வந்த கடன் தள்ளுபடித் திட்டத்தைப் பாருங்கள். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் 120 மாதத் தவணைகளை முறையாகக் கட்டினால், மீதிக் கடன் நீங்கும். பத்தாண்டு வேலை பார்த்து, தவணையும் கட்டி, ஒப்புக்கொண்டபடி பெறுகிறார். இதற்குப் போய் மன்னிப்பா?

தள்ளுபடி என்றால் ஆடித் தள்ளுபடி நினைவுக்கு வருகிறது என்று முகம் சுளித்து, ‘கடன் துறப்பு’ என்று புதிதாக ஒன்றைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். துறப்பவர் யார்? கடன் கொடுத்தவரா, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடியவரா? ‘கடன் துறந்தார்’ என்றால் எனக்கு இரண்டாவது ஆள்தான் கண்ணில் தெரிகிறார். தள்ளுபடி, செல்லுபடி, கட்டுபடி எல்லாம் கணக்குப் பிள்ளைகள் வாயில் புழங்கித் தேய்ந்த சொற்கள். துணிக்கடையில் விலையில் தள்ளுவதும் வங்கியில் கடனில் தள்ளுவதும் ஒரே செயல்தான். பயிர்க்கடன் தள்ளுபடி என்றால் எந்த விவசாயியும் ஆடிமாதத் துணிக்கடையைத் தேடிப் போவதில்லை.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பற்று வைத்திருந்த நெசவாளர் ஒருவர் இறந்துபோனார். அப்பா பற்று நோட்டை எடுத்து, அவர் பெயருக்கு நேரே இருந்த 340 ரூபாயின் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் ‘தள்ளு’ என்று எழுதினார். அடுத்த வாரம் நெசவாளரின் மனைவி எப்போதும்போல் வந்து அரிசி வாங்கினார். ‘உன் புருஷனை மன்னித்துவிட்டேன்’ என்று அப்பா சொல்லியிருந்தால் அவர் எங்கள் கடைப்படி ஏறியிருக்க மாட்டார்.

தள்ளுபடியையும் கண்ட இடத்தில் போடக்கூடாது. வராக்கடனை வங்கி தன் ஏட்டிலிருந்து எடுப்பதைக்கூடத் ‘தள்ளுபடி’ என்று செய்தித்தாள்கள் போடுகின்றன. ஏட்டிலிருந்து எடுத்தாலும் கடன்காரர் கடன்காரர்தான், வசூல் தொடரும். அதை ‘ஏட்டு நீக்கம்’ என்றால் குழப்பமில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், அந்தச் சொல் செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டுரையில் நான் பன்னிரண்டாவதாக ஒன்றையும் திருத்த வேண்டியிருந்தது. பைடன் திட்டத்தை 2023 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் செல்லாது என்றது. அரசு துணைக்கு அழைத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம், நெருக்கடிக் காலத்தில் கல்வி உதவி விதிகளைக் கல்வி அமைச்சர் ‘தளர்த்தலாம் அல்லது மாற்றலாம்’ என்கிறது. மாற்றுவது என்றால் சிறு திருத்தம், புதுத் திட்டமே போடுவதாகாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கட்டுரையிலோ ‘அமைச்சர் தள்ளுபடி செய்யலாம்’ என்று இருந்தது. அப்படி ஒரு வரி சட்டத்தில் இருந்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும். தளர்த்துவது விதியை, தள்ளுவது கடனை. ‘தள்ளுபடி செய்யலாம்’ என்பதை அடித்து, ‘விதிகளைத் தளர்த்தலாம்’ என்று எழுதி அனுப்பினேன்.