இறங்குவது வெளிச்சத்தில், ஏறுவது ரேடியோவில்

அலமாரியில் ஒட்டிய ஒரு வெப்பநிலை சென்சாருக்குப் பேட்டரி மாற்றுவது பெரிய வேலையில்லை. மருந்துக் கிடங்கு முழுக்க ஆயிரம் சென்சார் இருந்தால்தான் தலைவலி. பேட்டரியே வேண்டாம், காற்றில் வரும் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது வைஃபை. கணக்குப் போட்டால் ஆசை வடிந்துவிடும். 100 மில்லிவாட்டில் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டரிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு சாதாரண ஆன்டெனாவை வைத்தால் கைக்கு வருவது சுமார் 1 மைக்ரோவாட். அதை நேர்மின்சாரமாக மாற்றும் டயோடே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அதே இடத்தில் அலுவலக அளவு எல்இடி வெளிச்சம், அதாவது 500 லக்ஸ், விழட்டும். 10 சதுர செ.மீ. பரப்பும் 10 சதவீதத் திறனும் கொண்ட சிறிய சோலார் பேனலே சுமார் 150 மைக்ரோவாட் தரும்.

அந்த வெளிச்சமே சென்சாருக்கான செய்தியையும் சுமந்து வரும். எல்இடிக்குள் ஓடும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல லட்சம் முறை கூட்டிக் குறைத்தாலும் ஒளி அதற்கு ஈடுகொடுக்கும். நம் கண்ணுக்கு அது சீராக எரியும் விளக்குதான். வெள்ளை எல்இடியில் மந்தமான பகுதி, நீலச் சில்லின்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், அதாவது நீல ஒளியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பூச்சு. வேகம் வேண்டுமென்றால் வாங்கும் முனையில் நீல வடிகட்டி வைப்பார்கள். ஆனால் வடிகட்டினால் மின்சாரம் குறையும். இந்தத் துறையில் எங்கு தொட்டாலும் இப்படி ஒரு பேரம் இருக்கிறது.

பேனலில் பிறக்கும் மின்னோட்டத்தில் இரண்டு கலந்திருக்கும்: மாறாத நேரோட்டம், அதன்மேல் சிற்றலையாக நெளியும் செய்தி. பிரிப்பது பழைய வித்தைதான். கம்பிச்சுருள் நேரோட்டத்தைப் போகவிட்டு நெளிவைத் தடுக்கும், கெப்பாசிட்டர் நேர்மாறு. முதல் பாதை சேமிப்புக்கு, இரண்டாவது செய்தியைப் படித்தெடுக்கும் டீகோடருக்கு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஹாஸ் 2015இல் லண்டன் மேடையொன்றில், கடையில் கிடைக்கும் எல்இடி விளக்கிலிருந்து சோலார் பேனல் வழியாக வீடியோவையே வாங்கிக் காட்டினார். இங்கேயும் பேரம் உண்டு: பேனல் பெரிதானால் மின்சாரம் கூடும், ஆனால் கெப்பாசிட்டர்போல மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அதன் உள் மின்தேக்கமும் கூடி வேகமான நெளிவுகளை மழுக்கிவிடும்.

சென்சார் பதில் சொல்ல வேண்டுமே? அதற்கும் ஒரு எல்இடி வைத்தால் கண்ணை உறுத்தும். குறுக்கே ஒரு அட்டைப்பெட்டி வந்தால் பேச்சு அறுந்துபோகும். ரேடியோவுக்கு அட்டைப்பெட்டி ஒரு பொருட்டே இல்லை. புளூடூத் சிப் பேசும்போது ஏறக்குறைய 15 மில்லிவாட் கேட்கும். பேனல் தருவதைப் போல நூறு மடங்கு! ஆனால் ஒரு சிறு தகவலை அனுப்ப 3 மில்லிநொடி போதும், ஆகவே செலவு 45 மைக்ரோஜூல்தான். விளக்கோ நொடிக்கு 150 தருகிறது.

இரவில் விளக்கை அணைத்தாலும் இந்தக் கணக்கு தாங்கும். 8 மணி நேர வெளிச்சத்தில் 4 ஜூலுக்கு மேல் சேரும். அதை ஒரு சூப்பர் கெப்பாசிட்டரில் போட்டு வைக்கலாம். மீதி 16 மணி நேரமும் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைச் சொன்னால், அனுப்பும் செலவு 0.05 ஜூலைக்கூடத் தொடாது. சிப் தூங்கும்போது 5 மைக்ரோவாட் தின்றாலும் அது இன்னொரு 0.3 ஜூல், அவ்வளவே.